பேப்பர் இல்லாத பையன், கட்டிக்கொள்கிறேன் என்ற பெண்: ‘சாங்ச்சுவரி சிட்டி’ நாடகம் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஜெர்சி சிட்டியில் குடியிருக்கிறேன். 2021 அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு நாடகம் பார்த்தேன். அன்றிலிருந்து வீட்டு விருந்து, பொங்கல் விழா, தமிழ்ப் பள்ளி வாசல் என்று எங்கே பேச்சு விசாவைத் தொட்டாலும் (நம் ஆட்கள் நாலு பேர் கூடினால் பத்தாவது நிமிடம் தொட்டுவிடும்) அந்த நாடகத்தை இழுத்துவிடுகிறேன். கேட்பவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டித் தட்டி விரல் வலித்துப்போனதால் மொத்தமாக எழுதிவிட்டேன். நான் வக்கீல் இல்லை, இதை நம்பி யாரும் விண்ணப்பம் போட்டுவிடாதீர்கள். நாடகத்தின் முடிவை மட்டும் சொல்ல மாட்டேன், மற்றபடி கதை வெளியே வந்துவிடும்.

அது என்ன நாடகம்?

பெயர் ‘சாங்ச்சுவரி சிட்டி’. எழுதியவர் மார்ட்டினா மயோக். போலந்தில் பிறந்து, சிறுமியாக அமெரிக்கா வந்து, நியூஜெர்சியிலும் சிகாகோவிலும் வளர்ந்தவர். 2018-ல் வேறொரு நாடகத்துக்காகப் புலிட்சர் பரிசு வாங்கியவர். இயக்கம் ரெபெக்கா ஃப்ரெக்னால். நியூயார்க் தியேட்டர் வொர்க்‌ஷாப் 2020 மார்ச்சில் இதை மேடையேற்றியது. முன்னோட்டக் காட்சிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கோவிட் வந்து ஊரையே சாத்திவிட்டார்கள். ஒன்றரை வருடம் கழித்து, 2021 செப்டம்பரில், கிறிஸ்டோபர் தெருவில் இருக்கும் லூசில் லார்டெல் அரங்கில் மறுபடி தொடங்கியது.

முந்நூறு பேர்கூட உட்கார முடியாத சின்ன அரங்கம். அப்போது நியூயார்க்கில் எங்கே போனாலும் தடுப்பூசி அட்டை கேட்டார்கள், கூடவே அடையாள அட்டையும். எனக்கு முன்னால் நின்ற அம்மா ஒருவர் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டி அந்த வெள்ளை அட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்; கிடைக்கவில்லை, போனில் படம் இருக்கிறது என்று சொல்லி அதையும் தேடினார், பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். பேப்பர் இல்லாதவர்களைப் (இந்த நாட்டில் சட்டப்படி தங்குவதற்கான ஆவணம் இல்லாதவர்களை) பற்றிய நாடகத்துக்குள் போகப் பேப்பர் காட்ட வேண்டியிருந்தது என்பது வீடு திரும்பும்போது ரயிலில்தான் உறைத்தது.

கதையைச் சொல்லுங்கள்.

நியூஜெர்சியில் நியூவார்க் நகரம். 2001-ன் குளிர்காலம், இரட்டைக் கோபுரங்கள் விழுந்து சில மாதங்கள். இரவில் ஒரு பெண் கட்டடத்தின் வெளிப்புற இரும்புப் படிக்கட்டு வழியாக ஏறி வந்து சன்னலைத் தட்டுகிறாள். வீட்டில் அடி தாங்க முடியவில்லை. உள்ளே இருப்பவன் பள்ளித் தோழன், திறந்துவிடுகிறான். அவன் பெயர் பி, அவள் பெயர் ஜி. இருவருக்கும் 17 வயது. இருவரும் சின்ன வயதில் அம்மாக்களோடு இந்த நாட்டுக்கு வந்தவர்கள், இருவருக்கும் பேப்பர் கிடையாது.

பி-யின் அம்மா பயந்துபோய்ச் சொந்த நாட்டுக்கே திரும்புவது என்று முடிவெடுக்கிறார். பையன் வரவில்லை என்று தங்கிவிடுகிறான். ஜி-யின் அம்மாவுக்கோ சத்தமில்லாமல் குடியுரிமை கிடைத்துவிடுகிறது, மகளுக்கு 18 முடியவில்லை என்பதால் அவளும் அமெரிக்கக் குடிமகள். பாஸ்டனில் கல்லூரியும் கிடைக்கிறது. கிளம்பும் முன் ஜி சொல்கிறாள்: நான் உன்னைக் கட்டிக்கொள்கிறேன், உனக்கும் பேப்பர் வந்துவிடும். மூன்றரை வருடம் கழித்து அவள் வந்து வாசலில் நிற்கும்போது அந்த வீட்டில் ஹென்றி என்று ஒருவன் இருக்கிறான். சட்டக் கல்லூரி மாணவன். பி-யின் காதலன்.

அது என்ன பி, ஜி? பெயர் வைக்கக்கூடவா பஞ்சம்?

எந்த நாட்டிலிருந்து வந்தார்கள் என்பதும் நாடகத்தில் வராது. முழுப்பெயரோடு வருகிறவன் இந்த மண்ணில் பிறந்த ஹென்றி ஒருவன்தான். நம் ஊர் ஆட்களுக்கு இனிஷியலை விரித்து எழுதச் சொல்லி அமெரிக்கப் படிவங்கள் படுத்தும் பாடு தெரியும். இங்கே தலைகீழ், இனிஷியல் மட்டும் மிச்சம். எனக்கு அது பிடித்திருந்தது. மெக்சிகோ என்று சொல்லியிருந்தால் பாதிப் பேர், ஓ அவர்களா என்று சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

இவர்கள் எல்லாம் எல்லை தாண்டி ஓடி வந்தவர்கள்தானே?

வேலி தாண்டி வந்தவர்களும் உண்டு. சுற்றுலா விசாவிலோ மாணவர் விசாவிலோ விமானத்தில் வந்து இறங்கி, முத்திரையில் போட்ட தேதி முடிந்த பிறகும் தங்கிவிட்டவர்களும் ஏராளம். நம் செய்தித்தாள்கள் எல்லாரையும் ஒரே கூடையில் போட்டு ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ என்று எழுதிவிடும். ஐந்து வயதில் அம்மா கையைப் பிடித்து வந்தவனுக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை. நான் ‘பேப்பர் இல்லாதவர்கள்’ என்றே சொல்கிறேன். விசாவோடு வந்தாரா, இல்லாமல் வந்தாரா என்கிற இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கல்யாணப் பேச்சு வரும்போது தேவைப்படும்.

பேப்பர் இல்லாமல் பள்ளிக்கூடத்தில் எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள்?

அதற்கு டெக்சாசுக்குப் போக வேண்டும். 1975-ல் அந்த மாநிலம், சட்டப்படி அனுமதிக்கப்படாத பிள்ளைகளுக்குப் பள்ளிகள் பணம் செலவழிக்க வேண்டியதில்லை என்று ஒரு சட்டம் போட்டது. டைலர் என்கிற ஊரில் பள்ளி நிர்வாகம் அப்படிப்பட்ட பிள்ளைகளிடம் வருடத்துக்கு ஆயிரம் டாலர் கட்டணம் கேட்டது. 1977-ல் சில குடும்பங்கள் வழக்குப் போட்டன. குடியேற்ற அதிகாரிகள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று நீதிபதி விசாரணையைக் காலை ஆறு மணிக்கு வைத்தார். அங்கிருந்தே நாடுகடத்திவிடுவார்களோ என்ற பயத்தில் அந்தக் குடும்பங்கள் வீட்டுச் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தன. மேடைக்கென்றே எழுதியதுபோல இருக்கும் இந்தக் காட்சியை வைத்து யாராவது இன்னொரு நாடகம் போட வேண்டும்.

1982 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தீர்ப்புச் சொன்னது: பன்னிரண்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் அரசுப் பள்ளி வெளியே தள்ள முடியாது. அதனால் பி, ஜி இருவரும் மற்றவர்களோடு ஒன்றாகப் படித்தார்கள், ஒரே கொடியைப் பார்த்து உறுதிமொழி சொன்னார்கள், பள்ளி இறுதி நடன விழாவுக்கும் போனார்கள்.

அந்தத் தீர்ப்பின் எல்லை பள்ளியோடு முடிந்துவிடுகிறது. கல்லூரிக்கு மத்திய அரசின் உதவித்தொகை பேப்பர் இல்லாதவர்களுக்குக் கிடையாது. உள்மாநிலக் கட்டணமாவது (அந்த மாநிலத்தவர்களுக்கான குறைந்த கட்டணம்) தருகிறோம் என்று முதலில் சட்டம் போட்டதும், வேடிக்கை, அதே டெக்சாஸ்தான், 2001-ல். அதே வருடம் கலிஃபோர்னியாவும். (டெக்சாசின் அந்தச் சலுகையை 2025 ஜூனில் நீதிமன்ற உத்தரவு மூலம் நிறுத்திவிட்டார்கள்.) நியூஜெர்சியில் உள்மாநிலக் கட்டணத்துக்கான சட்டம் 2013 கடைசியில்தான் வந்தது, மாநில உதவித்தொகை 2018-ல். பி பள்ளி முடித்தது 2002 வாக்கில். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாரையும் போல வரிசையில் நின்று முறைப்படி வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே?

இதைக் கேட்காதவரே இல்லை. கேட்பவர்களில் பாதிப் பேர் நிஜமாகவே வரிசையில் நிற்பவர்கள். பன்னிரண்டு வருடமாக கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் ஒரு அண்ணா, கையில் தட்டோடு, “அப்போ நாங்க எல்லாம் இளிச்சவாயனுங்களாம்மா?” என்றே கேட்டுவிட்டார். கோபம் நியாயமானது. நானும் அந்த வரிசையில்தான் நிற்கிறேன்.

ஆனால் பி எந்த வரிசையில் நிற்பான் என்று அவரையே கேட்டேன். அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்க மொத்தமாகச் சில கதவுகள்தான்: குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ நெருங்கிய சொந்தமாக இருக்க வேண்டும், அல்லது ஒரு கம்பெனி கூப்பிட வேண்டும், அல்லது அகதியாக வேண்டும், அல்லது குலுக்கலில் சீட்டு விழ வேண்டும். 17 வயதுப் பள்ளிப் பையனுக்குக் கம்பெனி கிடையாது. குடியுரிமை உள்ள சொந்தமும் கிடையாது. ‘பல வருடம் நல்லபடியாக இங்கே இருந்தேன்’ என்பதற்கென்று ஒரு கதவு உண்மையிலேயே உண்டு, பெயர் ரெஜிஸ்ட்ரி. அதில் போக வேண்டுமானால் 1972 ஜனவரி 1-க்கு முன்பே இங்கே வந்திருக்க வேண்டும். அந்தத் தேதியைக் கடைசியாக நகர்த்தியது 1986-ல், ரீகன் காலத்தில். அதே சட்டத்தில்தான் சுமார் 27 லட்சம் பேருக்குப் பொது மன்னிப்புப் போலப் பேப்பர் கொடுத்தார்கள். அதற்கப்புறம் யாரும் நகர்த்தவில்லை. பி பிறந்ததே எண்பதுகளில்.

சரி, ஊருக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து விண்ணப்பிக்கலாமே? 1996-ல் கிளின்டன் கையெழுத்துப் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. 180 நாளுக்கு மேல் பேப்பர் இல்லாமல் இருந்துவிட்டு வெளியே போனால் மூன்று வருடம் உள்ளே வர முடியாது. ஒரு வருடம் இருந்துவிட்டுப் போனால் பத்து வருடம். 18 வயது வரை இந்தக் கடிகாரம் ஓடாது, பிறந்தநாளன்று ஓட ஆரம்பிக்கும். அதாவது பதினெட்டரை வயதைத் தாண்டினால் மூன்று வருடத் தடை, பத்தொன்பதில் பத்து வருடம். நம் வீட்டுப் பிள்ளை அந்த வயதில் எந்தக் கல்லூரி என்றே முடிவெடுக்க முடியாமல் நம் உயிரை வாங்கும். சரி, கடிகாரம் ஓடத் தொடங்கும் முன்பே அம்மாவோடு போயிருந்தால்? தடை இருந்திருக்காது, திரும்பி வர விசாவும் இருந்திருக்காது.

சென்னையில் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டித் தூதரக வாசலில் காலையிலேயே ஃபைலை நெஞ்சோடு அணைத்து நின்றவர்கள் நாம், அதனால் நமக்கு வரிசை என்பது இயற்கையின் ஒரு பகுதிபோல ஆகிவிட்டது. எங்கோ ஒரு வரிசை இருக்கும், இவன் சோம்பேறி, நிற்கவில்லை என்று தோன்றுகிறது. அந்த அண்ணா சாம்பார் வடையைக் கடித்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தார், பிறகு, “அப்படின்னா யாரு கண்ணுலயும் படாம இருக்கறதுதான் வழியா?” என்றார். நாடகத்தின் முதல் பாதி முழுக்க அதுதான்.

ஜி-க்கு மட்டும் எப்படிக் கிடைத்தது? பரீட்சை எழுதினாளா?

ஒன்றும் செய்யவில்லை. 2001 பிப்ரவரி 27-ல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, கிரீன் கார்டு உள்ள பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ குடியுரிமை பெற்றால், பிள்ளை 18-க்குக் கீழே அவர்களோடு இருந்தால், தானாகவே அதுவும் குடிமகன். உறுதிமொழிகூட எடுக்க வேண்டாம். (பேப்பர் இல்லாத ஜி-க்கும் இடையில் கிரீன் கார்டு வந்திருந்தால்தான் இது பொருந்தும்.) அம்மாவின் தேதி சில மாதம் தள்ளிப்போயிருந்தால் மகளுக்கு இந்த வழி கிடையாது. ஜி ஒழுங்கான பெண் என்பதோ, அடி வாங்கிக்கொண்டே படித்தாள் என்பதோ இதில் எங்கும் நுழையவில்லை. ஒரே பள்ளி, ஒரே வயது, ஒரே தெரு. ஒருத்தியின் அம்மா கையெழுத்துப் போட்டாள், இன்னொருவனின் அம்மா விமானம் ஏறினாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

குடிமகளைக் கல்யாணம் செய்துகொண்டால் வேலை முடிந்ததா?

இங்கேதான் அந்த விசா வித்தியாசம் வருகிறது. விசாவோடு முறைப்படி உள்ளே வந்து, தேதி கடந்து தங்கிவிட்டவர், குடிமகளைக் கட்டிக்கொண்டால் நாட்டை விட்டு வெளியே போகாமலே கிரீன் கார்டுக்குப் போகலாம். எல்லையில் அனுமதி இல்லாமல் நுழைந்தவருக்கு அது பொதுவாக முடியாது. வெளியே போய் வாங்க வேண்டும், வெளியே போனால் பத்து வருடத் தடை. (விலக்கு வாங்கலாம், அது தனிப் புராணம்.) முதலில் கிடைப்பது இரண்டு வருட நிபந்தனை அட்டை. அது முடியும் நேரம் இருவரும் சேர்ந்து, இன்னும் குடும்பமாகத்தான் இருக்கிறோம் என்று காட்ட வேண்டும். கிரீன் கார்டு கிடைத்து மூன்று வருடத்தில் குடியுரிமை கேட்கலாம். பேப்பருக்காக மட்டும் கட்டிக்கொண்டது என்று நிரூபணமானால் இருவருக்கும் ஐந்து வருடம் வரை சிறை, இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம். இருவருக்கும் என்பதைக் கவனியுங்கள். ஜி அப்போதுதான் குடிமகளாகிப் பாஸ்டன் போகிறாள், அவளும் உள்ளே போக வேண்டியிருக்கும்.

நாடகத்தில் எனக்கு மறக்காத இடம் இதுதான். அதிகாரி என்னென்ன கேட்பார் என்று இருவரும் ஒத்திகை பார்க்கிறார்கள். எங்கே சந்தித்தீர்கள், எப்போது முதல், குடும்பத்தில் யார் யார். ஒருவர் கேட்க மற்றவர் சொல்ல, தப்பு வந்தால் மறுபடி, வேகமாக, இன்னும் வேகமாக. நிஜ நேர்காணலில் சந்தேகம் வந்தால் கணவனையும் மனைவியையும் தனித்தனி அறையில் உட்கார வைத்து, கட்டிலில் யார் எந்தப் பக்கம், பிரஷ் என்ன நிறம் என்கிற அளவுக்குக் கேட்பார்கள். ஒத்திகை போகப் போக எது பொய், எது நிஜம் என்றே நமக்குப் பிரியாது, ஏனென்றால் இந்த இருவரும் ஒருவரை ஒருவர் உண்மையாகவே அவ்வளவு தெரிந்தவர்கள். பெரும்பாலான தம்பதிகளைவிடத் தெரிந்தவர்கள்.

எனக்கு அப்போது என் கல்யாண ஆல்பம் ஞாபகம் வந்தது. எங்களுடையது பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம், நிச்சயத்துக்கு முன் மொத்தம் மூன்று முறை போனில் பேசியிருக்கிறோம். டிபெண்டென்ட் விசா நேர்காணலுக்கு நாலு கிலோ ஆல்பத்தையும் பத்திரிகையையும் தூக்கிக்கொண்டு போனேன். மாமியாரின் பெயர், கணவர் வேலை பார்க்கும் இடம், அவருக்குப் பிடித்த சாப்பாடு வரை முந்தின நாள் இரவு மனப்பாடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஆல்பத்தைத் திறக்கக்கூட இல்லை. அறிமுகமே இல்லாத எங்களை நம்பிவிட்டார்கள். பி-யையும் ஜி-யையும் நம்புவார்களா?

அந்த ஹென்றி அமெரிக்கன்தானே, அவனே கட்டிக்கொள்ளலாமே?

2006-ல் முடியாது. மாசசூசெட்ஸ் மாநிலம் 2004-லேயே ஒரே பாலினத் திருமணத்தைப் பதிவு செய்ய ஆரம்பித்துவிட்டது. ஆனால் விசா மத்திய அரசின் கையில். அந்த அரசு 1996 சட்டப்படி திருமணம் என்றால் ஆணும் பெண்ணும் மட்டும் என்றது. உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது 2013 ஜூன் 26-ல். ஆக, பி-யை உண்மையில் நேசிக்கும் சட்டம் படித்தவனால் ஒன்றும் செய்ய முடியாது, தோழியின் பொய்க் கல்யாணம் மட்டும் செல்லும். இந்த நாடகத்தைப் போட்ட அரங்கம் இருக்கும் அதே கிறிஸ்டோபர் தெருவில்தான் 1969-ல் ஒரே பாலின ஈர்ப்புள்ளவர்கள் போலீஸை எதிர்த்துக் கலகம் செய்த ஸ்டோன்வால் மதுக்கடையும் இருக்கிறது, ஒரு நடை தூரம்.

ட்ரீம் சட்டம் என்று ஏதோ கேள்விப்பட்டோமே, அது என்ன ஆச்சு?

அது சட்டமே ஆகவில்லை, மசோதாவாகவே இருக்கிறது. சிறு வயதில் வந்து, இங்கே பள்ளி முடித்து, கல்லூரிக்கோ ராணுவத்துக்கோ போனால் படிப்படியாகக் குடியுரிமை என்பதுதான் சாரம். 2001 ஆகஸ்ட் 1 அன்று செனட்டில் வைத்தவர்கள் டிக் டர்பின், ஆரின் ஹாட்ச். ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி. அந்தக் காலம். ஆறு வாரத்தில் கோபுரங்கள் விழுந்தன, அதற்கப்புறம் குடியேற்றம் என்ற வார்த்தையையே எடுக்க முடியவில்லை. 2007 அக்டோபரில் செனட்டில் 52-க்கு 44; அறுபது ஓட்டு வேண்டும், போச்சு. 2010 டிசம்பர் 8-ல் பிரதிநிதிகள் சபை 216-க்கு 198 என்று நிறைவேற்றியது. பத்து நாள் கழித்து செனட்டில் 55-க்கு 41. மறுபடியும் அறுபது இல்லை. மாணவர்கள் பட்டமளிப்பு அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு சின்னக் கதை. டர்பினுக்கு இந்த யோசனை வரக் காரணமாக இருந்தவர் டெரேசா லீ. கொரியப் பெற்றோருக்குப் பிரேசிலில் பிறந்து, இரண்டு வயதிலேயே சிகாகோவுக்கு வந்தவர், அபாரமாகப் பியானோ வாசிப்பார். கல்லூரி விண்ணப்பம் நிரப்பும்போதுதான் பேப்பர் இல்லை என்ற விஷயம் வெளியே வந்து, டர்பின் அலுவலகத்துக்குப் போன் போனது. பிறகு அவர் இசையில் முனைவர் பட்டம் வாங்கினார், குடியுரிமையும் வாங்கினார். எப்படி? அமெரிக்கர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டதால். யாருக்காக மசோதா எழுதினார்களோ அவருக்கே அது உதவவில்லை, ஜி சொன்ன வழிதான் உதவியது.

டாகா இருக்கிறதே?

(டாக்கா என்று அழுத்தி எழுதினால் வங்கதேசத் தலைநகர் ஆகிவிடும், கவனம்.) சிறு வயதில் வந்தவர்களுக்காக 2012 ஜூன் 15 அன்று ஒபாமா அறிவித்த திட்டம். டைலர் தீர்ப்பு வந்து சரியாக முப்பது வருடம், அதே நாள். நாடுகடத்த மாட்டோம், வேலை செய்யலாம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள். அவ்வளவுதான், அதிலிருந்து கிரீன் கார்டுக்குப் படிக்கட்டு எதுவும் கிடையாது. 16 வயதுக்குமுன் வந்திருக்க வேண்டும், 2007 ஜூன் 15 முதல் தொடர்ந்து இங்கே இருந்திருக்க வேண்டும், அறிவித்த அன்று வயது 31-க்குக் கீழே. 2017-ல் டிரம்ப் அரசு நிறுத்தப் பார்த்தது, 2020-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று, நிறுத்திய முறை சரியில்லை என்று சொல்லித் தடுத்தது. 2021 ஜூலையில் டெக்சாஸ் நீதிபதி ஒருவர் தீர்ப்பால் புதியவர்களுக்குக் கொடுப்பது நின்றது.

அதைவிடப் பெரிய சிக்கல் அந்த 2007. இப்போது கல்லூரி முதலாண்டு படிக்கும் பிள்ளைகளில் பலர் அன்று பிறந்திருக்கவே மாட்டார்கள். வழக்குகள் நாளைக்கே ஜெயித்தாலும் அவர்களுக்கு டாகா இல்லை. பி-யின் காலத்துக்கே திரும்பிவிட்டோம்.

படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கரிசனம்? அவர்களைக் கூட்டி வந்த அப்பா அம்மா?

நல்ல கேள்வி, என்னிடம் கேட்டதில் சிறந்த கேள்வி. ‘தன் தவறு ஏதும் இல்லாமல் வந்த பிள்ளைகள்’ என்று அரசியல்வாதிகள் சொல்லும்போதெல்லாம் தவறு யாருடையது என்பதும் சேர்ந்தே வருகிறது. 2010 வாக்கில் இந்த மாணவர்களே அந்தப் பேச்சு வேண்டாம் என்றார்கள். பேப்பர் இல்லை, பயமும் இல்லை, மன்னிப்பும் கேட்க மாட்டோம் என்று சிகாகோவில் மேடை போட்டுப் பெயர் சொல்லி நின்றார்கள். இந்த நாடகம் அந்த இடத்தில் சாமர்த்தியமாக நடந்துகொள்கிறது. பி-க்குப் பதக்கம், மாநில ரேங்க் என்று எதையும் மாட்டிவிடவில்லை. சில நேரம் சுயநலம், சில நேரம் பிடிவாதம், சாதாரணப் பையன். சாதாரணப் பையனுக்காக நீ இறங்கி வருவாயா என்பது நம்மைப் பார்த்துக் கேட்பதுபோல இருந்தது.

நம் பிள்ளைகளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நாம் முறைப்படி வந்தவர்கள்.

21 வயது ஆகும் வரைதான். வேலை வழி கிரீன் கார்டு வருடத்துக்கு அடிப்படையாக 1,40,000. மனைவி, பிள்ளைகள் எல்லாரும் அதற்குள்ளேயே. ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதத்துக்கு மேல் கூடாது என்பதால் இந்தியர் வரிசை அசைவதே இல்லை. மூன்று வயதில் தூக்கி வந்த பிள்ளை அதற்குள் 21 ஆகிவிட்டால் பெற்றோரின் வரிசையிலிருந்து கீழே விழும். மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், அல்லது ஞாபகமே இல்லாத ஊருக்குக் கிளம்ப வேண்டும். டாகாவும் கிடையாது, ஏனென்றால் அதற்கு 2012 ஜூன் 15 அன்று விசா இல்லாமல் இருந்திருக்க வேண்டும். ஒழுங்காக இருந்ததே தகுதிக்குறைவு. அந்த அண்ணாவின் மகளுக்கு அடுத்த வருடம் 20.

தலைப்புக்கு என்ன அர்த்தம்? தமிழில் போட முடியுமா?

உள்ளூர் போலீஸ் குடியேற்ற அதிகாரிகளுக்குக் கைகொடுக்காது என்று முடிவெடுத்த ஊர்களை அப்படிச் சொல்வார்கள். எண்பதுகளில் எல் சால்வடோர், குவாத்தமாலா அகதிகளுக்குத் தேவாலயங்கள் இடம் கொடுத்ததில் ஆரம்பித்த வழக்கம். தமிழ் வேதாகமத்தில் ‘அடைக்கலப்பட்டணம்’ என்று அழகான சொல்லே இருக்கிறது, நான் மொழிபெயர்த்தால் அதைத்தான் வைப்பேன். அப்படிப்பட்ட ஊர் எதுவும் யாருக்கும் பேப்பர் தராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாடகத்தில் அடைக்கலம் என்றால் அந்தச் சன்னல்தான்.

தமிழில் போடுவதில் சிரமம் முதல் பாதி. பெரிய செட் கிடையாது. துண்டு துண்டாக, சில நேரம் இரண்டே வரியில் ஒரு காட்சி, வெளிச்சம் வெட்டும், இருவரும் அதே இடத்தில் வேறொரு நாளில் நிற்பார்கள். இரண்டாம் பாதி நேர் எதிர், ஒரே அறை, ஒரே இரவு, மூன்று பேர், தப்பிக்க இடமில்லாத பேச்சு. நம் ஆண்டுவிழா நாடகங்களின் நீளமான வசனத்துக்குப் பழகியவர்களுக்கு இரண்டாவதுதான் சுலபம். முதல் பாதிக்கு, ஒருவர் பேச்சு முடியும் முன் மற்றவர் பிடித்துக்கொள்ளும் இரண்டு இளசுகள் வேண்டும். ஈழத்திலிருந்து போன நண்பர்களைக் கேட்டால் சொற்களுக்குப் பஞ்சமே இருக்காது. கேஸ், ரிஜெக்ட், அப்பீல் எல்லாம் அவர்கள் வீட்டு அடுப்படி வரை வந்த வார்த்தைகள்.

எங்கே பார்க்கலாம்?

நியூயார்க்குக்குப் பிறகு பெர்க்லி, பாசடீனா, வாஷிங்டன், சிகாகோ என்று பல ஊர் அரங்குகள் போட்டுவிட்டன. உங்கள் ஊரில் வந்தால் விடாதீர்கள். வீட்டில் அடிதடி, படுக்கைப் பேச்சு எல்லாம் வரும், சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம். பதினாறு பதினேழு வயதுப் பிள்ளை இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள், படம் முடிந்ததும் நீங்கள் பேசாதீர்கள், அவர்களைப் பேச விடுங்கள். படம் இல்லை, நாடகம். பழக்கதோஷம்.

பி கடைசியில் என்ன ஆனான்?

முடிவைச் சொல்ல மாட்டேன் என்றேன். ஆனால் வயதைக் கணக்குப் போடலாம். 2001-ல் 17 என்றால் 2012 ஜூனில் 27 அல்லது 28, டாகாவுக்குத் தகுதி உண்டு. 2013 ஜூனுக்குப் பிறகு ஹென்றியே அவனைக் கட்டிக்கொண்டு விண்ணப்பித்திருக்கலாம், அவர்கள் அதுவரை சேர்ந்து இருந்திருந்தால். இல்லையென்றால் பி-க்கு இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது, இன்னமும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆன்லைனில் 555 டாலர் கட்டி, கைரேகை கொடுத்து, புது அட்டை தபாலில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு இருப்பான். அட்டை முடியும் தேதிக்கு நாலைந்து மாதம் முன்பே போட்டுவிடு என்பதுதான் அங்கே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் அறிவுரை.